கந்தசாமிப் பிள்ளையின் காலணா

கதைமாந்தர் ஒருவரின் பண்பை விளக்குக என்னும் வினாவைக் கண்டதும், இடைநிலைப் பள்ளியின் கீழ்ப்படிவ மாணாக்கர் பலர் ‘நல்லவர்’, ‘கஞ்சர்’, ‘இரக்கமுள்ளவர்’ என்று சொற்களை அடுக்கிவிடுகின்றனர். அச்சொற்கள் கதையிலிருந்து பிறந்தவை அல்ல. வழிகாட்டி நூலிலிருந்தோ கரும்பலகையிலிருந்தோ வந்தவை. ஆசிரியர் தம் வாயால் பண்பைக் கூறாது, மாந்தரின் செயல், சொல், நினைவு ஆகியவற்றால் குறிப்பாக உணர்த்தும் கதைகளில் இப்பழக்கம் மாணாக்கருக்குச் சிறிதும் கைகொடுப்பதில்லை.

குறிப்பால் உணர்வது தமிழர்க்குப் புதியதன்று. உள்ளத்து உணர்வு புறத்தே வெளிப்படுமாற்றைத் தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடாக வகுத்து, அதற்கென ஓர் இயலே அமைத்தது. திருவள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரில், பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்கள் இயற்றினார். இம்மரபை உடைய மொழியின் வகுப்பறையில் குறிப்பறியும் பயிற்சி குன்றியிருப்பது வருந்தத்தக்கது.

இப்பயிற்சிக்குப் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ ஏற்ற கதையாகும். 1943-இல் வெளிவந்த அக்கதையின் தொடக்கத்தில், சென்னையின் சந்தி ஒன்றில் நின்று பிள்ளை கணக்குப் போடுகிறார். டிராமில் சென்றால் காலணா மிஞ்சும், வெற்றிலை போடலாம். பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரைச் சிறிது தூரம் ஏமாற்றினால் அரைக் கோப்பைக் காப்பி கிடைக்கும், வெற்றிலை இல்லை. 1953-இல் சென்னை டிராம் நின்றது. 1957-இல் அணா வழக்கிழந்து நயா பைசா வந்தது. ஆதலின் பதினாறு அணா ஒரு ரூபாய், காலணா அதில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு என்பதை முதலில் விளக்கவேண்டும். அத்தொகையின் சிறுமை விளங்காவிடின் அக்காட்சியே விளங்காது.

‘பிள்ளை கஞ்சர்’ என்று மாணாக்கர் உடனே எழுதுவர். அவ்விடத்தில், “கஞ்சர் மிஞ்சிய காசை என்ன செய்வார்?” என்று ஆசிரியர் வினவுதல் வேண்டும். கஞ்சர் முடிந்துவைப்பார், பிள்ளையோ செலவிடவே எண்ணுகிறார். ஆகவே அவரிடம் காண்பது கஞ்சத்தனமன்று. வறுமையிலும் சிறு இன்பத்தை விடமுடியாத மனம். கண்டக்டரை ஏமாற்றும் எண்ணமும் அதனுடன் சேர்ந்தே நிற்கிறது. ஒரு சொல்லில் அடங்காத மனிதர் அவர்.

அடுத்து, கடவுளே எதிர்ப்பட்டபோது அவர் என்ன செய்கிறார் என்று நோக்குக. வரம் வேண்டாம் என்று விலகிக்கொள்ளும் அவர், தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கத் தயங்குவதில்லை. முதற்காட்சியில் எழுதிய முடிவை இரண்டாம் காட்சி திருத்துகிறது. இத்திருத்தத்தைச் செய்யப் பழகுவதே திறனாய்வின் முதற்படி. காலணாவுக்குக் கணக்குப் பார்ப்பவரை ஊரும் தலைப்பெழுத்தும் ‘அவர்கள்’ என்னும் மதிப்பும் சேர்த்து ஆசிரியர் அறிமுகப்படுத்தும் நகைச்சுவையை மேற்படிவத்தினர்க்கு விட்டுவைக்கலாம்.

எழுதும் முறை எளிது. மாந்தர் செய்தது யாது, அவ்விடத்தில் அவர் வேறு என்ன செய்திருக்கக்கூடும், அதை விடுத்து இதைச் செய்ததால் புலப்படுவது யாது என்னும் மூன்று வினாக்களுக்கு மூன்று வாக்கியம் போதும். அவற்றுள் இரண்டாம் வினாவே உயிர்நிலை. அதனைக் கேளாதவர் கதையைச் சுருக்கித் தருவரேயன்றிப் பண்பை ஆராயமாட்டார். இம்மூன்றையும் வாய்பாடாக்கி மனப்பாடம் செய்விப்பின் பழைய நோயே வேறு பெயரில் திரும்பும். மாணாக்கரின் முடிவு ஆசிரியரின் முடிவோடு வேறுபடினும், கதையில் சான்று இருப்பின் மதிப்பெண் வழங்கத் துணியவேண்டும்.

இது தேர்வுக்கு மட்டும் உரிய செய்தியன்று. சான்று தேடாமல் கந்தசாமிப் பிள்ளையைக் கஞ்சர் என்று எழுதிப் பழகிய பிள்ளை, நாளை அடுத்த வீட்டாரையும் அவ்வாறே ஒரு சொல்லில் முடித்துவிடும். இரண்டாம் காட்சியையும் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று பொறுக்கக் கற்ற பிள்ளையே மனிதரை அறியும்.