துரைமார் நீரூற்றும் லயத்துப் பீலியும்

கண்டி நகரிலே, தலதா மாளிகைக்கு அண்மையில், ஜோர்ஜ் ஈ. டி சில்வா பூங்காவில் அலங்கார நீரூற்று ஒன்று நிற்கின்றது. 1875 ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் கண்டிக்கு வந்ததன் நினைவாக, இலங்கையின் கோப்பித் தோட்டத் துரைமார் அதனை எழுப்பினர். பழைமை போற்றுவோர் அதன் வேலைப்பாட்டை வியந்து எழுதுவர். வியப்பதில் தவறில்லை. ஆனால், வியப்போடு நின்றுவிடும் வரலாறு அரை வரலாறேயாகும். மறுபாதியை எழுதும் கடமை மாத்தளையில் வாழும் நமக்கு உண்டு.

ஏனெனில், அந்த நீரூற்றுக்கான செல்வம் நமது ஊர் வழியாக நடந்து வந்தது. தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய கூலி மக்கள், காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். மலைநாட்டின் வாயில் இதுவே. புகையிரதம் மாத்தளைக்கு வந்தது 1880 இலேதான். அதற்கு முன் கோப்பி பறிக்க வந்த கைகளெல்லாம் கால்நடையாகவே வந்தன. வழியிலே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் தொகை குறித்து வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அவர்கள் பெயர் பொறித்த கல் எங்கேயுளது? குடிப்பதற்கு நல்ல நீரின்றி மடிந்தவர்களின் உழைப்பு, ஓர் இளவரசரின் வருகைக்கு நீரூற்றாக மலர்ந்தது! இதைவிடக் கசப்பான உருவகத்தை எந்தக் கவிஞனும் படைத்திட இயலாது.

‘நீரூற்று என்பதே அலங்காரந்தானே, அதிலே நியாயம் தேடுவானேன்?’ என்று கேட்போர் உளர். அவர்கள் நியூயோர்க் நகரைப் பார்க்கட்டும். அங்கே மத்திய பூங்காவில் 1873 இல் திறக்கப்பெற்ற பெதெஸ்டா நீரூற்று எதனை நினைவுகூருகின்றது? 1842 இல் குரோட்டன் ஆற்று நீர் கால்வாய் வழியே நகர மக்களுக்கு வந்து சேர்ந்ததை. 1832 இல் காலராவால் கலங்கிய நகரம் அது. எம்மா ஸ்டெபின்ஸ் என்ற பெண் சிற்பி அதன் உச்சியில் நிற்கும் தேவதையை வடித்தாள். முதலாளித்துவ நகரமே ஆயினும், அந்த அழகின் அடியில் பொதுமக்களின் தாகம் இருக்கின்றது. கண்டி நீரூற்றின் அடியில் இருப்பதோ மன்னர் குடும்பத்துக்குச் செலுத்திய வணக்கம். இரண்டும் கல்லும் நீருந்தாம்; எவரை நோக்கி அவை எழுந்தன என்பதே வேறுபாடு. கலையின் மதிப்பை அளக்கையில் இந்த வேறுபாட்டை விட்டுவிடுவது நடுநிலைமை ஆகாது.

மாளிகைகளின் கதையும் இத்தகையதே. இருப்புப்பாதைச் செல்வரான வாண்டர்பில்ட் 1895 இல் நியூபோர்ட் கடற்கரையில் 70 அறைகளோடு ‘பிரேக்கர்ஸ்’ என்னும் கோடைமனையைக் கட்டி முடித்தார். நமது மலைகளிலே துரை பங்களா குன்றின் உச்சியில் நின்றது. கீழே 10 அடிக்கு 12 அடியான காம்பராக்கள் வரிசையாய் அமைந்த லயம் கிடந்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. பங்களாவின் சாவி கைமாறிற்று. லயங்களோ பல இடங்களில் இன்னும் அப்படியே நிற்கின்றன. பொகவந்தலாவைப் பக்கம் பழைய பங்களாக்கள் உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. பயணி அங்கே காண்பது துரையின் சாய்வு நாற்காலியை. அதைத் துடைத்தவனை அல்லன். நியூபோர்ட்டிலோ ‘எல்ம்ஸ்’ என்னும் மாளிகையில் வேலையாட்களின் வாழ்க்கையைக் காட்டுவதற்கென்றே தனிச் சுற்று நடத்துகின்றனர். அந்த அளவு நாணயமேனும் நமக்கு வேண்டாமா?

இவ்விடத்திலே நமது இலக்கியத்தையும் விசாரிக்க வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை 1954 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, பின்னர் சக்தீ பாலஐயா தமிழாக்கிய கவிதை நூலும், கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும் வரலாறு விட்டுவிட்ட மறுபாதியை எழுதின. மாத்தளை எழுத்தாளரும் அவ்வழியே உழைத்தனர். எனினும், நம் கதைகளிலே பங்களா பெரும்பாலும் துரை உறுமும் இடமாகவே வருகின்றது. அதன் கருங்கல்லைப் பிளந்தவன், புல்தரையைச் செதுக்கியவன், அடுப்படியிலே முதுமையடைந்த அப்பு ஆகியோர் அரிதாகவே பேசுகின்றனர். மாளிகையைப் பகைவன் வீடாக மட்டும் காண்பது, அதைக் கட்டியவனின் திறமையையும் பகைவனுக்கே எழுதிக் கொடுப்பதாகும். அந்தச் சுவர் நம்முடைய கைவினை. அந்த அழகில் நமக்குப் பங்குண்டு. பறிக்கப்பட்டது அப்பங்கே என்று எழுதும்போதுதான் கோபம் அறிவாக மாறும்.

தோட்டத்துப் பிள்ளைகளைக் கண்டிக்கு அழைத்துச் சென்றபோது, அந்த நீரூற்றை நெடுநேரம் சுற்றிப் பார்த்த மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “இதிலே குடத்தை எங்கே வைக்கிறது, சேர்?” காலையில் பீலியடியில் முறைக்குக் காத்திருந்து, அதனால் பள்ளிக்குப் பிந்தி வருகிற பிள்ளை அவள். கலை விமரிசனம் பற்றி நான் படித்த நூல்களில் இத்துணை நேரான கேள்வியை நான் கண்டதில்லை.

நீரூற்றை இடிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அது நிற்கட்டும். அருகே இன்னொரு பலகை நிற்கட்டும்: இதற்கான செல்வத்தை ஈட்டியோர் மன்னாரிலிருந்து மாத்தளை வழியே நடந்து வந்தவர்கள் என்று மும்மொழியிலும் அது கூறட்டும். அதனினும் முதற்கடமையாக, லயத்தின் ஒவ்வொரு வாசலுக்கும் குழாய்நீர் வரட்டும். குடம் வைக்க இடமுள்ள நீரூற்றே மக்களின் நினைவுச் சின்னம்.