புழங்குபொருளும் நிழற்படமும்

நிழற்படக் கலையைப் பற்றி நம்மிடையே எழுதப்பெறுவன பெரும்பாலும் முகங்களையும் இயற்கைக் காட்சிகளையும் பற்றியனவே. பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், ஓலைப்பெட்டி ஆகியவற்றைப் படம்பிடிப்பதும் ஒரு கலையாகுமோ என்று வினவுவோர் அரியர். ஆயினும் ஈழநாட்டில் அவ்வினாவுக்கு விடை கிடைத்து நூறாண்டுக்கு மேலாயிற்று.

இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் பணிப்பாளராயிருந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, பாறைகளைத் தேடிச் சென்ற வழியிலே கைவினைஞரையுங் கண்டார். அதன் பயனாக 1908ஆம் ஆண்டில் வெளிவந்தது 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல். அச்சிடப்பெற்ற படிகள் 425 மட்டுமே. அந்நூலின் நிழற்படங்களை எடுத்தவர் அவர்தம் மனைவியார் எதெல் அம்மையார். பின்னாளில் நெசவுக்கலையிற் பெரும்புகழ் பெற்றவர். அப்படங்களில் அலங்காரம் இல்லை. ஓரினப் பொருள்கள் பல அருகருகே வைக்கப்பெற்றிருத்தலால், ஒரு பாக்குவெட்டியின் வளைவு மற்றொன்றின் வளைவினின்று எவ்வாறு வேறுபடுகிறது என்பதைக் கண் தானே ஒப்பிட்டறிகின்றது. அழகைத் தேடி எடுத்த படங்கள் அல்ல அவை. எனினும் அழகு அவற்றில் தங்கியுள்ளது. நூலாசிரியரைப் போற்றும் நாம் படம் எடுத்தவரை மறந்துவிட்டோம் என்பதையும் இங்குக் கூறாதிருத்தல் இயலாது.

கண்டிநாட்டுக் கைவினையே அந்நூலின் எல்லை. மட்டக்களப்பு வாவிக்கரைத் தமிழரின் புழங்குபொருள்கள் அதற்குப் புறத்தே நின்றன.

அடுத்த தலைமுறையில் லயனல் வெண்ட் (1900–1944) தோன்றினார். பியானோ இசையில் வல்லவர். இருட்டறையில் ஒளியையும் நிழலையும் தலைமாற்றும் உத்திகளையெல்லாம் கையாண்டவர். அவர் மறைந்தபின் 1950இல் வெளிவந்த படத்தொகுதி இன்றும் நம் நாட்டுப் படப்பிடிப்பாளருக்கு இலக்கணமாய் விளங்குகின்றது. அவர் கலையை இகழ்வார் எவருமிலர். ஆனால் அவர் வழிவந்தோர் கைக்கொண்டது அவருடைய கண்ணை அன்று, கருநிழலை மட்டுமே. கல்லடிப் பாலத்தருகே மாலைச் சூரியனை எதிர்நின்று வலைவீசுவோனைக் காட்டும் படங்கள் எத்தனை! அவற்றில் வலை எங்கே? கண்ணின் அளவு யாது, ஓரத்தில் ஈயமணி எவ்வாறு கோக்கப்பெற்றது, கிழிந்தவிடம் எந்நூலால் முடியப்பெற்றது என்பவற்றுள் ஒன்றேனும் தெரிகின்றதா? பருத்திநூல் வலை நைலோன் வலைக்கு இடங்கொடுத்து ஒழிந்த மாற்றத்தை இப்படங்களிலிருந்து எவரும் உணரார். சூரியன் மட்டும் அன்றுபோல் இன்றும் இருக்கின்றது.

மேனாட்டிலும் இவ்விரு நெறிகள் உள. எட்வேட் வெஸ்ரன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம் உலகப்புகழ் வாய்ந்தது. அதனைக் காண்போன் முறுக்கேறிய மனித உடலையே நினைப்பான், மிளகாய் மறைந்துபோம். வோக்கர் எவன்ஸ் 1955இல் 'ஃபோர்ச்சூன்' இதழுக்காக எடுத்த கைக்கருவிப் படங்களிலோ குறடு குறடாகவே நிற்கின்றது. அதன் விலையும் கீழே குறிக்கப்பெற்றது. எம் கருத்தில் எவன்ஸ் வழியே நமக்குகந்தது; வெஸ்ரனுடைய மிளகாய் நாளையும் சந்தைக்கு வரும், நம் பொருள்களோ வாரா.

1978 நவம்பர்ச் சூறாவளி, நெடுநாட் போர், 2004 டிசெம்பர்க் கடற்கோள் என அடுத்தடுத்து வந்த அழிவுகளில் இக்கரை மக்கள் உயிரைக் காத்து ஓடினரேயன்றிச் செம்பையும் வட்டிலையும் எடுத்துச் சென்றாரல்லர். எஞ்சியவற்றையும் பிளாத்திக்கு வாளி வென்றுவிட்டது.

எதனைப் படம்பிடிப்பது என்பார்க்கு ஒன்று கூறுவோம். ஆழமற்ற நீரில் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் அடியற்ற கூடையைக் கரப்பு என்கிறோம். வடமோடிக் கூத்தில் அரசன் அணியும், வளையங்களால் விரிந்து நிற்கும் ஆடைக்குப் பெயர் கரப்புடுப்பு. மீனவன் கூடையும் மன்னன் உடையும் ஒரே பெயரைப் பெற்றமை எத்துணைச் சுவையான செய்தி! ஆயினும் கூத்துப் படங்கள் முடியையும் மணியையும் முன்னின்று காட்டுகின்றனவன்றி, உடுப்பைக் கவிழ்த்து அதன் உள்வளையங்களைக் காட்டுவன மிகச் சிலவே. இரண்டையும் அருகருகே வைத்து ஒரு படம் எடுப்பின், நாம் இத்துணைச் சொற்களைச் செலவிட வேண்டியதில்லை.

காரைதீவில் தோன்றிய விபுலாநந்த அடிகள் பண்டைய யாழ்களை மீட்டற்குப் பட்ட பாட்டை எண்ணுக. கையில் வைத்து மீட்டத்தக்க பழைய கருவி கிட்டாமையால் இலக்கியச் சொற்களையும் கணிதத்தையும் துணைக்கொண்டு பல்லாண்டு உழைத்தார். 1947இல் யாழ் நூல் வெளிவந்தது. அவருக்குச் சொல் இருந்தது, பொருள் இல்லை. இன்று கைத்தொலைபேசியில் நாம் எடுத்துக் குவிக்கும் படங்களிலோ பொருள் உண்டு, சொல் இல்லை. பாட்டியின் பித்தளைப் பாத்திரத்தைப் படமெடுத்து 'பழைய பாத்திரம்' என்று எழுதிவிடுதல், எடுக்காமல் விடுதலினும் சிறிதே மேல்.

செய்முறையிற் கருத வேண்டியனவும் சில உள. மின்னொளிப் பாய்ச்சலால் பன்பாயின் பின்னல் தட்டையாகிவிடும். சாளரத்தின் பக்கவொளியே இழைகளைத் தனித்தனியே எழுப்பிக் காட்டும். தொலைபேசியை மிக நெருங்கப் பிடித்தாற் செம்பின் வயிறு புடைத்துத் தோன்றும். இரண்டடி பின்வாங்கிப் பெருப்பித்தெடுப்பதே தக்கது. அளவுகோல் ஒன்றை அருகில் வைத்தல் அழகைக் கெடுக்கும் என்பார் உளர். அதனையும் சேர்த்து ஒரு படமும் நீக்கி ஒரு படமும் எடுத்தால் வழக்கு முடிந்தது. அடிப்பாகத்தையும், கைபட்டுத் தேய்ந்த புறத்தையும் விடலாகாது. ஒட்டுப்போட்ட ஈயம் அங்கேதான் இருக்கும். பெயரை அகராதியிலே தேடாமல், பொருளை உடையவர் வாயினின்று வருமாறே எழுதுக. அவர் ஊரையும் ஆண்டையும் உடன் குறிக்க.