பாவு நூலும் மூளைச் செல்லும்

நெகமம் தறியில் பாவு இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு ‘தரணி’ எளிதாகப் பிடிபடும். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட, மனிதக் கருவின் மூளை வரைபடம் அது. மொத்தம் 5,132 மெல்லிய சீவல்கள். செல் செல்லாகத் தெரியும்படி படமெடுத்தவை. சீவிச் சாயமேற்றிய கைகளுக்கு நெசவாளியின் பொறுமை இருந்திருக்க வேண்டும்.

கருமூளையின் உள்சுவரிலிருந்து மேற்பரப்புவரை சில செல்கள் இழை நீட்டி நிற்கும். அதுதான் பாவு. புதிதாகப் பிறந்த நரம்புச் செல் அதைப் பற்றிக்கொண்டே மேலேறும். பெருமூளைப் புறணியில் பின்னால் பிறந்தது முன்னால் பிறந்ததைத் தாண்டி மேலே போய் உட்காரும், மூத்தது அடியில். (நம் பந்தி வழக்கத்துக்கு நேர்மாறு!) எலிக்கும் இதே முறைதான். எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசிக் கட்டம்: ஏற்றம் முடிந்ததும் அந்தப் பாவுச் செல்களில் பல, இழையைச் சுருக்கிக்கொண்டு, நட்சத்திர வடிவத் துணைச் செல்களாக மாறி அங்கேயே தங்கிவிடுகின்றன.