ஏழு சதவீதம் யாருக்கு?

உற்பத்தி மேலாண்மைப் பாடநூல் ஒன்றை எடுத்து, அதில் பெண் எங்கே வருகிறாள் என்று தேடிப் பாருங்கள். தொழிற்சாலையை எந்த ஊரில் அமைப்பது, இயந்திரங்களை எப்படி வரிசைப்படுத்துவது, சரக்கை எவ்வளவு வாங்கி இருப்பில் வைப்பது என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஓடும். அவளைக் காண முடியாது. 'ஒர்க் ஸ்டடி' அத்தியாயத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கும். ரிலாக்சேஷன் அலவன்ஸ், அதாவது வேலை நேரத்தில் இளைப்பாறலுக்கென்று ஒதுக்கும் பங்கு. அங்கேதான் அவளுக்கென்று ஒரு பத்தி. சொந்தத் தேவைக்கு ஆணுக்கு 5 சதவீதம், பெண்ணுக்கு 7. அடிப்படைக் களைப்புக்கு இருவருக்கும் 4. நின்றுகொண்டு வேலை செய்தால் ஆணுக்கு 2, பெண்ணுக்கு 4.

பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அட்டவணை வந்ததும் பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு எழும். "பொண்ணுங்களுக்கு எக்ஸ்ட்ரா டைமா மேடம்?" இது சலுகையல்ல, உடலைப் பற்றிய கணக்கு என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், பெரும்பாலும் அப்படித்தான் போகிறார்கள். எனக்கு அந்த 7ஐவிட, அந்த 7 எங்கே போய்ச் சேருகிறது என்பதே முக்கியமாகப் படுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தையலைப் போட்டு முடிக்க ஸ்டாப்வாட்சில் 0.50 நிமிடம் ஆகிறது. அந்தப் பெண் வேகமாகத் தைக்கிறாள் என்று அளப்பவர் நினைத்தால் 110 என்று ரேட்டிங் போடுவார். அடிப்படை நேரம் 0.55 நிமிடம் ஆகும். அதன்மேல் 7ம் 4ம் சேர்த்து 11 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 0.61 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு 98 பீஸ். ஆணுக்குரிய 9 சதவீதத்தைக் கூட்டினால் 100 பீஸ். பின்பெஞ்சு சிரித்த 'எக்ஸ்ட்ரா' இந்த இரண்டு பீஸ்தான். அலவன்ஸே கூட்டாமல் விட்டால் 109 பீஸ். டார்கெட் 98க்கு மேல் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் அவள் கழிப்பறை போகும் நேரத்திலிருந்தும், தண்ணீர் குடிக்கும் நேரத்திலிருந்தும், தோளை ஒருமுறை நிமிர்த்தும் நேரத்திலிருந்தும் எடுத்தது.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் முடித்தபோது ஒரு மாணவி எழுந்தாள். திருப்பூர்ப் பக்கம். அவள் அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்காருபவர். "எங்கம்மா காலையில கெளம்பறப்ப இருந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க மேடம். எந்திரிச்சுப் போனா பீஸ் சேர்ந்துக்கும், லைன்ல பின்னாடி இருக்கறவங்க கத்துவாங்க. அந்த ஏழு சதவீதம் யாருக்குப் போகுது?" பாடநூலில் இதற்குப் பதில் இல்லை. அலவன்ஸைக் கூட்டச் சொல்லித் தருகிறது. கூட்டியது தொழிலாளியின் கையில் சேர்ந்ததா என்று பார்க்கச் சொல்லித் தருவதில்லை. தேர்வுத் தாளிலோ நிலைமை இன்னும் எளிது: 'அலவன்ஸ் 15 சதவீதம் எனக் கொள்க.' கொண்டுவிட்டால் மதிப்பெண்.

இந்த அட்டவணை எங்கிருந்து வந்தது? 1957இல் முதலில் வெளிவந்த 'இன்ட்ரொடக்‌ஷன் டு ஒர்க் ஸ்டடி' என்ற ஐ.எல்.ஓ. நூலின் வழியாகத்தான் இது உலகம் முழுக்கப் பரவியது. அலவன்ஸுக்கென்று ஐ.எல்.ஓ. எந்தத் தரநிலையையும் ஏற்றுக்கொள்ளவில்லை, இவை எடுத்துக்காட்டுகள்தாம் என்று அந்த நூலே எச்சரிக்கிறது. நம் பாடநூல்கள் அட்டவணையை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டன. எடுத்துக்காட்டு விதியாகிவிட்டது. ரேட்டிங் அளவுகோலும் இப்படித்தான். 100 என்றால் என்ன வேகம் என்பதை விளக்க, நடுத்தர உடல்வாகுள்ள ஓர் ஆண் சுமையில்லாமல் சமதரையில் நேர்கோட்டில் மணிக்கு 6.4 கிலோமீட்டர் நடப்பதைச் சொல்கிறார்கள். சுமையில்லாமல்! விடியற்காலையில் எழுந்து சோறாக்கி, டப்பா கட்டி, பிள்ளையைக் கிளப்பிவிட்டுக் கம்பெனி வேனுக்கு ஓடிவருகிறவளின் 100 எது? அந்த வேலைகளெல்லாம் ஷிஃப்டுக்கு வெளியே நடப்பவை. ஸ்டாப்வாட்ச் அழுத்தப்படும்போது அவள் புதிதாகப் பிறந்தவள்போல மிஷின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

துறையின் தந்தை எனப்படும் ஃபிரெடரிக் டெய்லரிடம் போவோம். (திருப்பூரில் டெய்லர் என்றால் வேறு ஆள், தமிழில் எழுதும்போது இருவரும் ஒன்றாகிவிடுவது எனக்குப் பிடிக்கும்.) பாடநூல்கள் அவரைப் பற்றிச் சொல்வது இரும்புக்கட்டி சுமந்த ஆணின் கதை: நாளுக்கு பன்னிரண்டரை டன் ஏற்றியவர் 47 டன் ஏற்றினார். 1911இல் வந்த அதே புத்தகத்தில் இன்னொரு கதை உண்டு. சைக்கிள் பேரிங் குண்டுகளில் பழுது பார்க்கும் பெண்கள். இடது கை விரலிடுக்கில் குண்டுகளை உருட்டி, பலத்த வெளிச்சத்தில் கீறலையும் பள்ளத்தையும் கண்டு, பழுதானதை வலது கையில் உள்ள காந்தத்தால் எடுத்துப் போட வேண்டும். நாளுக்குப் பத்தரை மணி நேரமாக இருந்த வேலையை எட்டரை மணி நேரமாகக் குறைத்தார்கள், ஒன்றேகால் மணிக்கொருமுறை பத்து நிமிட ஓய்வு தந்தார்கள், கூலியையும் உயர்த்தினார்கள். 120 பேர் செய்த வேலையை 35 பேர் செய்தார்கள். கண்ணும் கையும் போதிய வேகத்தில் ஒத்துழைக்காதவர்கள் எத்தனை உழைப்பாளிகளாக, நம்பகமானவர்களாக இருந்தாலும் வெளியேற்றப்பட்டார்கள் என்பதை டெய்லர் மறைக்காமல் எழுதுகிறார்.

அதே இடத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். இளம்பெண்கள் எல்லோருக்கும் மாதம் தொடர்ச்சியாக இரண்டு நாள், அவர்கள் விரும்பும்போது, சம்பளத்துடன் ஓய்வு தர வேண்டும். இந்தப் பெண்களுக்கு அது கிடைத்தது என்று நினைப்பதாகவும், ஆனால் உறுதியாகத் தெரியவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். வினாடியைப் பின்னமாக அளந்தவருக்கு அந்த இரண்டு நாள் கொடுக்கப்பட்டதா என்பது நினைவில்லை. இந்தத் துறையில் பெண்ணின் கணக்கு எப்படி வைக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை. நூறாண்டு கழித்து, 2019இல், தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்படுவதை தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாள் ஓய்வு ஒரு மாத்திரையாகச் சுருங்கிவிட்டது, லைன் நிற்கவில்லை.

லில்லியன் கில்பிரெத்தையும் சொல்ல வேண்டும். 'தெர்ப்ளிக்' என்ற அசைவலகைப் படிக்காமல் யாரும் இந்தப் பாடத்தைத் தாண்ட முடியாது. கில்பிரெத் என்ற பெயரைத் திருப்பிப்போட்டு வைத்த சொல் அது. கணவர் ஃபிராங்கின் படம் பாடநூலில் இருக்கும். இவர் 'அவரது மனைவி'. 1914இல் இவர் எழுதிய மேலாண்மை உளவியல் நூல், ஆசிரியர் பெண் என்று தெரியாதபடி வெறும் முதலெழுத்துகளுடன் வந்தது. 1924இல் கணவர் இறந்ததும் பழைய நிறுவனங்கள் சில ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. 1927இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்துக்காக சானிட்டரி நாப்கின் பற்றி ஆய்வு செய்தார். என்ன அளவு, என்ன வசதி வேண்டும் என்று பெண்களிடமே கேட்டு எழுதினார். சமையலறை வேலையையும் அளந்தார். பெண்ணுடலும் வீட்டு வேலையும் பொறியியலுக்குள் வந்த அந்தப் பகுதிதான் நம் பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

ஆணுக்கு 2, பெண்ணுக்கு 4 என்ற நிற்றல் அலவன்ஸை மாணவர்கள் கேள்வி கேட்பதே இல்லை. ஒரு நாற்காலி போட்டால் தீர்ந்துவிடும் விஷயத்துக்குச் சதவீதம் எதற்கு? நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவில் சொன்னது. கடைகளில் நிற்கும் பெண்களுக்கு அந்த உரிமை தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டமானது. எங்கள் பாடத்தில் இந்தச் சட்டங்கள் 'தொழிலாளர் நலம்' என்ற தனிப் பெட்டிக்குள் இருக்கின்றன. நாற்காலி வடிவமைப்பாளரின் பொறுப்பு என்று மாணவருக்குத் தோன்றாதபடி பார்த்துக்கொள்கிறோம்.

கடந்த செமஸ்டரில் பிளான்ட் லேஅவுட் பகுதிக்கு ஓர் ஒப்படைப்பு கொடுத்தேன். பொருள் எங்கிருந்து எங்கே எத்தனை மீட்டர் நகர்கிறது என்று வரையும் அதே 'ஃப்ரம்-டு சார்ட்'டில், ஒவ்வொரு மிஷினிலிருந்தும் கழிப்பறைக்கும் குடிநீருக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் உள்ள தூரத்தையும் போட வேண்டும். 6.4 கிலோமீட்டர் வேகத்திலேயே நடந்தாலும் நூறு மீட்டருக்கு 56 வினாடி. போய்வர இரண்டு நிமிடம், வரிசையில் நிற்பது தனி. எட்டு மணி நேர ஷிஃப்டில் 7 சதவீதம் ஏறத்தாழ முப்பது நிமிடம். அதில் எத்தனை முறை போய்வரலாம் என்று கணக்கிடச் சொன்னேன். திருப்பூர்க்காரி அம்மாவிடம் கேட்டு மிஷின் எண்களோடு வரைந்து வந்தாள். வரிசை நேரத்துக்கான கட்டத்தில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தாள். சனிக்கிழமை அம்மா எண்ணிச் சொல்வார், அப்புறம் பேனாவில் எழுதுகிறேன் என்றாள்.