பாலை என்னும் புனைநிலம்: கருப்பொருள் மரபும் தேரி நிலமும் பாத்திரமேற்பு விளையாட்டின் உலகாக்கமும்

முன்னுரை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ பாத்திரமேற்பு விளையாட்டு என்னும் வகைமையைத் தோற்றுவித்தது. ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஒவ்வொருவரும் ஒரு மாந்தரின் குரலை ஏற்றுப் பேச, ஆட்ட நடத்துநர் அவர்களுக்கு எதிரே ஓர் உலகை விரித்துரைப்பார். ஐயம் எழும் இடங்களைப் பகடை தீர்க்கும். இவ்விளையாட்டுக்கென எழுதப்பட்ட உலகநூல்களுள் பாலைநிலத்தை மையமாகக் கொண்டது டிராய் டென்னிங், திமொத்தி பிரவுன் ஆகியோர் வடிவமைத்து 1991இல் வெளியான ‘டார்க் சன்’. தமிழில் இத்தகைய பாலையுலகு ஒன்றைப் படைக்க முனைவோர்க்கு அகத்திணை மரபு ஆயத்தச் சட்டகம் ஒன்றைத் தருவதுபோல் தோன்றுகிறது. அச்சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்பதே இக்கட்டுரையின் வினா. தாமிரவருணிக்குத் தெற்கே விரியும் தேரி நிலம் இவ்வினாவுக்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

பேச்சில் தோன்றும் நிலம்

நால்வகை நிலங்களுக்குத் தெய்வம் கூறும் தொல்காப்பியம் பாலைக்கு நிலம் வகுக்கவில்லை. நண்பகலும் வேனிலும் அதற்குரிய பொழுதுகள், பின்பனியும் உரியது. நிலமற்ற இத்திணைக்குத்தான் சங்க அகப்பாடல்களில் மிகுதியான இடம் கிடைத்துள்ளது. அகநானூற்றின் ஒற்றைப்படை எண்கொண்ட 200 பாடல்களும் பாலையே. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய நூறும் பாலைக்கலியும் இவற்றோடு சேரும்.

இப்பாடல்களில் பாலை யாரால், எங்கிருந்து சொல்லப்படுகிறது என்பது போதிய கவனம் பெறவில்லை. பெரும்பாலானவற்றில் பேசுவோர் பாலையில் இல்லை. தலைவி வீட்டில் இருக்கிறாள்; தோழி அவளருகே இருக்கிறாள்; தலைவனோ புறப்படுமுன் தன் நெஞ்சோடு வாதிடுகிறான். வற்றிய சுனையும் நீர்வேட்கையால் தளர்ந்த யானையும் ஆறலைப்போர் கொன்றாரை மூடிய கற்குவியலும் நிழலில் அமர்ந்தோரின் சொற்களில்தான் உருக்கொள்கின்றன. செலவழுங்கல் துறையிலோ அந்தப் பாலையைச் சொல்லி முடித்த பின்னர் பயணமே நின்றுவிடுகிறது. ஓர் இடத்தில் அமர்ந்தவர்கள் பேச்சால் ஒரு சுரத்தை உண்டாக்கி, அதன் அச்சத்தைத் தாமே உணர்ந்து, போவதா வேண்டாவா என்று முடிவெடுப்பது பாத்திரமேற்பு விளையாட்டின் அடிப்படைச் செயல். இவ்வொப்புமை மேலோட்டமானதன்று என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

திரிபு என்னும் விதி

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை, முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பிழந்து பாலையாக வடிவு கொள்வதைக் கூறுகிறது. அதற்கு அது காட்டும் உவமை, அரசனும் அவன் வினைசெய்வோரும் முறைகோடியதால் ஆட்சி குலைந்த நாடு. ‘டார்க் சன்’ உலகிலும் பாலை இயற்கையாய் அமைந்ததன்று. மந்திரம் செய்வோர் செடிகொடிகளின் உயிராற்றலை உறிஞ்ச, நிலம் சாம்பலாகிறது; நகரங்களை ஆள்வோரும் மந்திரவாதி மன்னர்களே. இளங்கோவடிகளிடம் உவமையாக நின்ற ஒன்று இங்கே காரணமாக மாறியிருக்கிறது. விளையாட்டின் உலகாக்கத்துக்கு இவ்விதி பெரிதும் பயன்படும். பாலை வரைபடத்தின் ஒரு மூலையில் கிடக்கும் மஞ்சள் நிறம் அன்று. எந்த நிலமும் அடையக்கூடிய நிலை. ஆடுவோர் தம் செயலால் ஒரு முல்லையைப் பாலையாக்கவும், அரிதாக அதனை மீட்கவும் இயலும்.

பட்டியலின் இடர்

சிக்கல் கருப்பொருளில் தொடங்குகிறது. தொல்காப்பியம் எட்டுக் கருப்பொருள்களை எண்ணி, பிறவும் உள என்று வழிவிட்டது. நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் அவற்றைப் பதினான்காக்கி ஒவ்வொரு நிலத்துக்கும் நிரப்பித் தந்தது. பாலைக்கு எயினரும் மறவரும் மக்கள், பருந்தும் கழுகும் புள், செந்நாய் விலங்கு, குறும்பு ஊர், வறண்ட கூவல் நீர், துடி பறை, உணவு வழிப்பறியில் கிடைத்தது, தொழிலும் அதுவே. ஆட்ட நடத்துநர் பகடையை உருட்டிப் பார்க்கும் அட்டவணை ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். வசதியானது, அதனாலேயே கவனத்துக்குரியது.

ஒரு மக்களுக்கு உணவும் தொழிலும் கொள்ளையே என்று எழுதிவிட்டால், மேசையில் அவர்கள் பேசுவதற்கு முன்னரே வெட்டப்படுவர். திருநெல்வேலிச் சீமையில் இது புனைவுச் சிக்கல் மட்டுமன்று. 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், பிறப்பால் குற்றவாளிகள் என்ற கருத்தைத் தென்மாவட்டச் சமூகங்கள் பலவற்றின் மீது ஏற்றியது. ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டும் இவ்வகைக் குறைக்கு ஆளானதே. இனவழியாக இயல்புகளை நிலைப்படுத்தும் விதிகள் 2020 முதல் தளர்த்தப்பட்டன. 2024ஆம் ஆண்டு விதிநூல் ‘இனம்’ என்ற சொல்லையே கைவிட்டது.

தமிழ் மரபு இதற்காக வெளியே கடன் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் கடப்பாரையால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கின்றனர். நிலவுரலில் குற்றி, ஆழ்கிணற்றின் உவர்நீரில் உலையேற்றி, வரும் பாணர்க்குக் கருவாட்டு இறைச்சியோடு படைக்கின்றனர். அங்கே உணவு உழைப்பில் கிடைக்கிறது, விருந்தும் உண்டு. வேட்டுவ வரியில் சாலினி எயினர் அறக்குடியினர்போல் அடங்கிவிட்டனர் என்று இடித்துரைக்கிறாள். கொள்ளை அவர்தம் இயற்கையாயின், தெய்வமேறி வந்து தூண்ட வேண்டிய தேவை என்ன? தொகுத்தவர் கைவிட்டதைப் பாடியவர் வைத்திருக்கிறார்.

தேரி காட்டுவது

சாத்தான்குளம், திருச்செந்தூர், திசையன்விளை வட்டாரங்களின் தேரிகள் செம்மணல் மேடுகள். இவற்றுள் பெரும்பகுதி 1986இல் பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்தில் அமைந்தது. நெல்விளையும் ஆற்றங்கரைக்குத் தொலைவில் இல்லாத இந்நிலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மணலை அள்ளி இடம்பெயர்க்கும். தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைச் சொய்னரும் ஆல்ச்சினும் 1956இல் ஆராய்ந்து வெளியிட்டனர். வேட்டையாடிய மாந்தர் இங்கே வாழ்ந்த காலம் அகப்பாடல்களுக்கு மிக முந்தியது.

இங்கே நம்பியின் பட்டியல் பல இடங்களில் பொய்க்கிறது. தேரியின் மரம் ஓமையோ இருப்பையோ அன்று, பனை. தொழில் பனையேற்றம், உணவு பதநீரும் கருப்புக்கட்டியும். நீரும் முற்ற வற்றியதன்று. மழை மணலுக்குள் விரைந்து இறங்கி அடியில் தங்கும். சில இடங்களில் சுனையாக வெளிப்படும். மேலப்புதுக்குடியில் கோயில் கொண்ட அய்யனாரின் பெயரே அருஞ்சுனை காத்தவர் என்பது. தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயிலில் நிகழும் கள்ளர் வெட்டு விழாவில் இளநீர் வெட்டப்பட, அது சிந்திய செம்மணலை அடியார்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். களவு இங்கும் உண்டு. ஆனால் அது தெய்வத்தால் ஒறுக்கப்படும் செயலாக நிற்கிறதேயன்றி ஒரு குடியின் தொழிலாக இல்லை.

ஒரேகான் கரையில் நகரும் மணலைப் புல் நட்டுத் தடுக்கும் முயற்சியைப் பார்க்கச் சென்றதே ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ (1965) புதினத்துக்கு வித்தாயிற்று. அவர் கண்டதும் ஈரக் கடற்கரை ஒன்றின் மணல்மேடுதான். தேரியை அடிப்படையாகக் கொண்டு உலகமைப்போர் ‘வறுங்கூவல்’ என்ற கட்டத்தை அழித்துவிட்டு, அங்கே மூன்று செய்திகளை எழுதலாம்: சுனை இருக்குமிடம், அதைக் காப்பவர், அடுத்த பருவக்காற்றில் மணல் அதனை மூடுவதற்கு எஞ்சிய நாள்கள்.