விழி தெரியாத கண்கள்: பில் ஃபிங்கர் என்ற கதாசிரியர்

அமெரிக்கக் காமிக்ஸ் வரலாற்றில் பில் ஃபிங்கரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி வழக்குக் கட்டு போலத்தான் இருக்கிறது. பேட்மேனை உருவாக்கியதில் பாதிக்கு மேல் அவர் பங்கு, பெயரும் பணமும் ஓவியர் பாப் கேனுக்கு, 76 ஆண்டுகள் கழித்து ஒருவழியாக நியாயம். எல்லாம் உண்மைதான். ஆனால் ஏமாற்றப்பட்டவர் என்றே பார்த்துப் பழகியதில், அந்த மனிதர் எப்படி எழுதினார் என்று கேட்பவர்கள் குறைந்துபோனார்கள்.

1914இல் டென்வரில் பிறந்து நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்தவர் ஃபிங்கர். செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்துகொண்டே கேனுக்குக் கதை எழுதித் தந்தார். சூப்பர்மேன் 1938இல் சக்கைப்போடு போட்டதும், பதிப்பகம் அதுபோல் இன்னொரு நாயகனைத் தேடியது. கேன் வரைந்து வைத்திருந்த உருவத்துக்குச் சிவப்பு உடை, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி, விறைப்பான இறக்கைகள். இறக்கைகளை எடுத்துவிட்டு மேலங்கி போடச் சொன்னவர் ஃபிங்கர். வௌவால் காது வைத்த தலைமூடி, கையுறைகள், சாம்பல் நிறம், விழி தெரியாத வெள்ளைக் கண்கள் எல்லாம் அவர் யோசனை. முகமூடிக்குள் இருப்பவனுக்கு ப்ரூஸ் வெய்ன் என்ற பெயரும் அவர் வைத்ததே. கோதம் என்ற ஊர்ப் பெயரைத் தொலைபேசிப் புத்தகத்தில் கண்ட ஒரு நகைக்கடையிலிருந்து எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

1939 மே தேதியிட்ட ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில் ஆறு பக்கங்களில் பேட்மேன் அறிமுகமானான். அந்த முதல் கதையின் பின்னல், அன்றைய மலிவுப் பதிப்பு நாயகன் ‘ஷேடோ’வின் நாவல் ஒன்றிலிருந்து உருவியது. ஃபிங்கர் அதை மறைக்கவில்லை. ஆகவே அதை வைத்து அவரை மெச்ச வேண்டியதும் இல்லை.

அவருடைய பலம் அடுத்து வந்த கதைகளில் தெரிகிறது. கட்டம் கட்டமாக, எங்கிருந்து பார்க்க வேண்டும் என்பது வரை எழுதித் தருவார். பத்திரிகைகளில் வெட்டிய படங்களையும் உடன் இணைப்பார். பேட்மேனின் எதிரி ஜோக்கரின் முகத்துக்கு, ‘தி மேன் ஹூ லாஃப்ஸ்’ என்ற பேசாப்படத்தில் நிரந்தரச் சிரிப்போடு நடித்த கான்ராட் வெய்ட்டின் புகைப்படத்தை ஓவியர்களிடம் கொடுத்தவர் அவர்தான். 1960களில் மார்வெலில் ஸ்டான் லீ கைக்கொண்ட முறை இதற்கு நேரெதிர். அங்கே கதைச் சுருக்கம் மட்டும் ஓவியருக்குப் போகும். ஜாக் கிர்பியோ ஸ்டீவ் டிட்கோவோ பக்கங்களை வரைந்து முடித்த பிறகு வசனம் சேரும். காட்சியைக் கட்டும் பொறுப்பு ஓவியர் தலையில். ஃபிங்கரிடம் அந்தப் பொறுப்பு எழுதுபவருடையது.

விநோதத் தகவல்களையும் தந்திரங்களையும் குறிப்பேடுகளில் சேர்த்துவைத்து, கதைக்குக் கதை எடுத்துப் பயன்படுத்தினார். பிரம்மாண்டமான தட்டச்சுப்பொறியின் விசைகள் மீது ஓடிச் சண்டை போடும் நாயகர்கள் அவருடைய முத்திரை. சிறுபிள்ளைத்தனம் என்று சிரிக்கலாம். சில கதைகளில் நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒரு சண்டையை நாலு சுவருக்குள் பத்துக் கட்டங்களுக்கு இழுக்க வேண்டிய ஓவியருக்கு, ஏறவும் குதிக்கவும் ஒளியவும் இடம் கொடுத்தது அந்தத் தட்டச்சுப்பொறிதான். 1942இல் வந்த டூ-ஃபேஸ் இதைவிடக் கூர்மை. பாதி முகம் சிதைந்தவன், ஒரு பக்கம் கீறிய நாணயத்தைச் சுண்டித்தான் எதையும் முடிவுசெய்வான். அவன் தோற்றம், மனம், அடுத்த கட்டத்தில் நடக்கப்போவது மூன்றும் ஒரே நாணயத்தில் அடங்கிவிடுகின்றன.

என் கணக்கில் அவருடைய உச்சம், 1951இல் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 168ஆம் இதழில் வந்த சிவப்பு முகமூடிக் கதை. பல்கலைக்கழகத்தில் குற்றவியல் பாடம் நடத்தும் பேட்மேன், பத்து வருடமாகத் துப்புத் துலங்காத ஒரு வழக்கை மாணவர்களிடம் கொடுக்கிறான். இரசாயனக் கழிவுக்குள் குதித்துத் தப்பிய அந்த முகமூடித் திருடன்தான் ஜோக்கர் என்று முடிகிறது. 1988இல் ஆலன் மூர் ‘தி கில்லிங் ஜோக்’கைக் கட்டியது இந்த அஸ்திவாரத்தின் மேல்தான். மூர் அவனுக்கு ஒரு மனைவியையும் தாங்க முடியாத ஒரு நாளையும் கொடுத்தார். ஃபிங்கரின் ஜோக்கரோ பத்து லட்சம் டாலர் திருட நினைத்த ஆய்வுக்கூட ஊழியன், அவ்வளவுதான். இந்தச் சிக்கனமே எனக்கு அதிகம் பிடிக்கிறது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் பேட்மேனை வேற்றுக்கிரகவாசிகளோடு மோதவிட்ட கதைகளை, அவர் எழுதியவை உட்பட, தாண்டிப் போய்விடலாம்.

எழுத்து இப்படி, பிழைப்பு வேறு. அந்தத் தொழிலில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, உரிமை முழுதும் பதிப்பகத்துக்கு. சூப்பர்மேனை ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கேன் சாமர்த்தியசாலி, பேட்மேனில் தன் பெயர் மட்டும் இருக்கும்படி ஒப்பந்தம் செய்துகொண்டார். அவரிடம் கூலிக்கு எழுதத் தொடங்கிய ஃபிங்கருக்கு அந்த ஒப்பந்தத்தில் இடமே இல்லை. போதாக்குறைக்கு மெதுவாக எழுதுபவர், கெடு தவறுபவர். பக்கக் கணக்கில் சம்பளம் வாங்குபவனுக்கு நிதானம் கட்டுப்படியாகாது.

அவரைத் தேடிப்போன முதல் ஆய்வாளர் ஜெர்ரி பெய்ல்ஸ். ஃபிங்கரிடம் பேசி அவர் 1965இல் எழுதிய கட்டுரைக்கு, பேட்மேன் முழுக்கத் தன் படைப்பே என்று கேன் காட்டமாக மறுப்பு எழுதினார். அடுத்த ஆண்டு பேட்மேன் தொலைக்காட்சித் தொடரில், கடிகார வில்லன் வரும் இரண்டு பகுதிகளுக்குச் சார்லஸ் சின்க்ளேருடன் ஃபிங்கரின் பெயர் திரையில் வந்தது. 1974 ஜனவரியில் அவர் இறந்தார். 1989இல் வந்த தன்வரலாற்றில்தான் கேன் அவருடைய பங்கை ஒப்புக்கொண்டார். எழுத்தாளர் மார்க் டைலர் நோபில்மன், ஃபிங்கரின் பேத்தி அதீனாவைத் தேடிக் கண்டுபிடித்து, 2012இல் ஃபிங்கர் பற்றிய நூலை வெளியிட்டார். 2015இல் பதிப்பகம் இறங்கிவந்து, பேட்மேனை உருவாக்கியவராக ஃபிங்கரின் பெயரையும் சேர்த்தது. அப்போதும் சம பங்காளியாக அல்ல. முதலில் கேன், அவருடன் ஃபிங்கர்.

இதற்குள் சான் டியாகோ காமிக்ஸ் மாநாட்டில் பில் ஃபிங்கர் விருது பத்து ஆண்டுகளாக வழங்கப்பட்டு வந்தது. உரிய மதிப்புப் பெறாத கதாசிரியர்களுக்கான அந்த விருதை முன்மொழிந்தவர் ஓர் ஓவியர், பேட்மேன் பக்கங்களில் ஃபிங்கரோடு வேலை செய்த ஜெர்ரி ராபின்சன். 2005இல் முதல் விருதுகளைப் பெற்றவர்கள் ஆர்னால்ட் டிரேக்கும், மறைந்த ஜெர்ரி சீகலும்.