ஒரு ப்ரொஜெக்டர், நாற்பது அட்டைகள்: பயிற்சி ஆசிரியருக்கு உதவும் இணையக் கருவிகள்

பள்ளிப் பயிற்சிக்குக் கிளம்பும் பி.எட். மாணவரின் கையில் சார்ட் சுருள், ஃபிளாஷ் கார்டு, தெர்மாகோல் மாதிரி ஆகியவை இருந்த காலம் இன்னும் முடிந்துவிடவில்லை. ஆனால் இப்போது பாடக்குறிப்பில் ‘கற்பித்தல் துணைக்கருவிகள்’ என்ற வரியில் இணையக் கருவி ஒன்றும் இடம்பெற வேண்டும் என்று வழிகாட்டிப் பேராசிரியர்கள் எதிர்பார்க்கிறார்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கி, பள்ளியில் செலவிட வேண்டிய காலத்தை 20 வாரங்களாக்கின. அதே பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பத்துக்கும் தனி இடம் கிடைத்தது. இருபது வாரம் என்பது ஒரு கருவியை மேலோட்டமாகக் காட்டிவிட்டுப் போவதற்கான காலம் அல்ல. அதைக் கையாண்டு, பயன்படாவிட்டால் ஒதுக்கிவைக்கவும் போதுமான காலம்.

இணையத்தில் தேடினால் ‘ஆசிரியர்களுக்கான சிறந்த ஐம்பது செயலிகள்’ என்ற பட்டியல்கள் வந்து குவிகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு டேப்லெட் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ பயிற்சிக்குப் போகிறவர் சந்திக்கும் வகுப்பறை அப்படி இருக்காது. நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், நாற்பது நிமிடத்தைச் சற்றே தாண்டும் ஒரு பாடவேளை, கிடைத்தால் ஒரு ப்ரொஜெக்டர், ஆசிரியரின் சொந்தக் கைப்பேசி ஒன்று. மாணவர் கைப்பேசி கொண்டுவர அனுமதி கிடையாது. கருவிகளை இந்த நிலைமையில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். இன்னொரு கேள்வியும் முக்கியம்: ஆசிரியர் விடையைச் சொல்வதற்கு முன்னால், பிள்ளை மனத்தில் என்ன நினைக்கிறது என்பதை இந்தக் கருவி வெளியே கொண்டுவருகிறதா?

அந்தக் கேள்விக்கு மிக நல்ல பதில் தருவது ஃபெட் என்ற இணையச் சிமுலேஷன் தொகுப்பு. இயற்பியலாளர் கார்ல் வைமன் 2001-இல் நோபல் பரிசு பெற்றார். மறு ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் இந்தத் திட்டத்தைத் தொடங்கினார். உலகின் உச்சப் பரிசை வாங்கிய ஆய்வாளர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளின் மின்சுற்றுக்கும் பின்னக் கணக்கிற்கும் தன் உழைப்பைத் திருப்பியது நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தி. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகியவற்றுக்கான அதன் சிமுலேஷன்கள் உலாவியிலேயே இலவசமாகத் திறக்கின்றன. பல மொழிகளில் கிடைக்கின்றன. சில தமிழிலும் உண்டு.

ஒன்பதாம் வகுப்பின் ‘மின்னூட்டமும் மின்னோட்டமும்’ பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். பொதுத்தேர்வை மனத்தில் வைத்துப் பத்தாம் வகுப்பைப் பயிற்சி ஆசிரியர் கையில் கொடுக்கப் பல பள்ளிகள் தயங்குவதால், பலருக்கும் வாய்ப்பது ஒன்பதாம் வகுப்புதான். ஃபெட்டின் நேர்மின்னோட்டச் சுற்று சிமுலேஷனைத் திறந்தால் காலி மேசை ஒன்று தெரியும். இடப்பக்கப் பெட்டியில் கம்பி, மின்கலம், பல்பு, மின்தடை, சாவி. கம்பியின் நுனியை இழுத்து மின்கலத்தின் முனையருகே விட்டால் தானாக ஒட்டிக்கொள்கிறது. சுற்று மூடியதும் நீல நிற எலக்ட்ரான்கள் நகர, பல்பு ஒளிர்கிறது. பல்பே இல்லாமல் மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தால் மின்கலம் தீப்பற்றி எரிவது போலத் திரையில் காட்டுகிறது. குறுக்குச் சுற்று ஏன் ஆபத்து என்பதை வகுப்பில் யாருக்கும் காயமில்லாமல் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. நாணயம், பென்சில், அழிப்பான், காகிதக் கிளிப் ஆகியவற்றையும் சுற்றில் செருகிப் பார்க்கலாம்.

ஆனால் இதன் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் வரைந்து, ‘எது அதிகம் ஒளிரும்?’ என்று கேட்டால், மின்கலத்துக்கு அருகில் உள்ளதுதான் என்று உறுதியாகச் சொல்லும் பிள்ளைகள் ஏராளம். முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்புகிறது என்பது அவர்கள் கணக்கு. பல நாடுகளில் அறிவியல் கல்வி ஆய்வாளர்கள் பதிவுசெய்த தவறான எண்ணம் இது. ஓம் விதியைப் பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறவரிடமும் இது ஒளிந்திருக்கும். சிமுலேஷனில் மின்கலத்துக்கு 9 வோல்ட்டும் பல்புக்கு 10 ஓமும் வைத்தால் ஒற்றைப் பல்பில் அம்மீட்டர் 0.90 ஆம்பியர் காட்டும். இரண்டாவது பல்பைத் தொடரில் சேர்த்தால் 0.45. அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வைத்தாலும், இரண்டுக்கும் நடுவில் வைத்தாலும், கடைசியில் வைத்தாலும் அதே 0.45. பக்க இணைப்புக்கு மாற்றினால் ஒவ்வொரு பல்பிலும் 0.90, மின்கலத்தின் அருகே 1.80. இந்த எண்களை முன்கூட்டியே சொல்லாமல் பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லி, நோட்டில் எழுதவைத்து, அதன் பிறகு அம்மீட்டரை நகர்த்தினால் வகுப்பு முழுதும் பேசத் தொடங்கும்.

குறைகளும் உண்டு. செம்புக் கம்பியில் எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம் பொதுவாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. திரையில் அவை குடுகுடுவென ஓடுவதைப் பார்க்கும் பிள்ளை, சாவியிலிருந்து பல்புவரை எலக்ட்ரான் ஓடிவந்து சேர்வதால்தான் விளக்கு எரிகிறது என்று முடிவுகட்டக்கூடும். சாவியைப் போட்டதும் சுற்று முழுவதிலும் எலக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் நகரத் தொடங்குகின்றன என்பதை ஆசிரியர்தான் சொல்லியாக வேண்டும். பாடநூலின் அம்புக்குறிகள் மரபு மின்னோட்டத்தின் திசையில் போகும், எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில். ஃபெட்டில் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டும் வசதி இருக்கிறது, மறக்காமல் பயன்படுத்த வேண்டும். டார்ச் பல்பையும் மின்கலத்தையும் ஒருமுறையாவது கையில் பிடித்து எரியவைத்த பிறகு திரைக்கு வருவதே சரியான வரிசை. கடையில் வாங்கும் பல்புகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, கம்பி முனை தளர்ந்துபோகும், மின்கலம் தீர்ந்துபோகும். ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தருவதில்தான் சிமுலேஷன் முந்துகிறது.

இணையம் அறுந்தாலும் ஃபெட் கைவிடாது. ஒவ்வொரு சிமுலேஷனையும் ஒற்றைக் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டால், பள்ளிக் கணினியின் உலாவியில் அப்படியே திறக்கும். பள்ளியின் ஹைடெக் கணினி ஆய்வகத்தில் ஒரே நேரத்தில் எல்லாக் கணினிகளும் இணையத்தை இழுக்கும்போது இதன் அருமை தெரியும்.

ஊகத்தை நோட்டில் எழுதச் சொன்னால், நாற்பது நோட்டையும் யார் பார்ப்பது? கை தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சுதான் பேசும். மற்றவர்கள் அந்தக் கைகளைப் பார்த்துத் தங்கள் கையைத் தூக்குவார்கள். இந்த இடைவெளியை அடைப்பது பிளிக்கர்ஸ். கலிபோர்னியாவில் ஓர் ஆசிரியர் தன் வகுப்புக்காக யோசித்து உருவாக்கியது. பிள்ளை ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை இருக்கும். கருப்புக் கட்டங்களால் ஆன வடிவம் அதில் அச்சிட்டிருக்கும். அட்டையை எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடிக்கிறார் என்பதே அவருடைய விடை: ஏ, பி, சி, டி என நான்கு பக்கம். ஆசிரியர் கைப்பேசிக் கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால் எல்லா விடைகளும் பதிவாகிவிடும். மாணவருக்குக் கைப்பேசி வேண்டாம், கணினி வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம்.

ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு. எழுத்துகள் ஓரத்தில் பொடியாக இருக்கின்றன. அதனால் பக்கத்துப் பிள்ளை என்ன விடை காட்டினாள் என்று பார்த்துக் காப்பியடிக்க முடியாது. வகுப்பில் வாயே திறக்காத குழந்தையும் இங்கே விடை சொல்லிவிடுகிறது, அது தவறாக இருந்தாலும் மற்ற பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கருவியைக் கற்றுக்கொள்ளலாம். வழக்கமான தொகுப்பில் 40 அட்டைகள், பெரிய வகுப்புக்கு 63 வரை உள்ள தொகுப்பும் உண்டு. இணையதளத்தில் இலவசமாக இறக்கி அச்சிடலாம்.

கையாளும்போது சில நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். அட்டை நீடிக்கட்டும் என்று பளபளப்பாக லேமினேட் செய்தால் ஜன்னல் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும், கேமரா தடுமாறும். பளபளப்பில்லாத தடித்த தாளில் அச்சிடுவது நல்லது. விரல் கருப்பு வடிவத்தை மறைத்தால் விடை பதிவாகாது, ஓரத்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் நாளில் பாடக் கேள்வி எதுவும் கேட்காமல், ‘உனக்குப் பிடித்தது தோசையா, பூரியா, பொங்கலா, இட்லியா?’ என்று கேட்டுப் பழக்கிவிட்டால் அடுத்த நாள் நேரம் வீணாகாது.

பல்புக் கேள்வியை இந்த அட்டைகளோடு சேர்த்தால்தான் இரண்டு கருவிகளும் முழுப் பலன் தரும். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990-களின் தொடக்கத்தில் தன் வகுப்பில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். கருத்தைச் சோதிக்கும் கேள்வி ஒன்று, ஒவ்வொருவரும் தனியாக விடை, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மீண்டும் விடை. பயிற்சி ஆசிரியர் செய்ய வேண்டியதும் இதுதான். முதல் சுற்று விடைகளைத் திரையில் காட்டாமல் வைத்திருந்து, ‘உன் பக்கத்தில் இருப்பவரை நம்பவை’ என்று இரண்டு நிமிடம் கொடுத்து, மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லலாம். அதன் பிறகுதான் ஃபெட்டில் அம்மீட்டரை நகர்த்த வேண்டும். வரிசை மாறினால் பயன் போய்விடும். முதலிலேயே சிமுலேஷனைக் காட்டிவிட்டால் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

கணித ஆசிரியர் ஆகப்போகிறவருக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள். ஆஸ்திரியாவின் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வாகத் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களின் ‘இணையச் செயல்பாடு’ பக்கங்களில் இதன் பணித்தாள்களுக்கே இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். அதனால் புதிய கருவி என்று பள்ளியில் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. 2021-இல் பைஜூஸ் நிறுவனம் இதை வாங்கியது. 2024-இல் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. ஜியோஜீப்ரா தொடர்ந்து இயங்குகிறது. என்றாலும் தான் உருவாக்கிய கோப்புகளைக் கணினியிலும் இறக்கி வைத்துக்கொள்வது ஆசிரியருக்கு நல்லது.

ஜியோஜீப்ராவில் சதுரம் ஒன்றைக் கண்ணளவில் வரைந்து மூலையை இழுத்தால் உருக்குலைந்துவிடும். செங்குத்துக் கோடுகளும் வட்டங்களும் கொண்டு அமைத்த சதுரம், நகர்த்தக்கூடிய மூலையை எப்படி இழுத்தாலும் சதுரமாகவே பெரிதாகும், சிறிதாகும். வரைதலுக்கும் வரையறைப்படி அமைத்தலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கரும்பலகையில் எத்தனை நிமிடம் பேசினாலும் இப்படிக் காட்ட முடியாது. அரைவட்டத்தில் அமையும் கோணத்துக்கும் இதே உத்தி பொருந்தும். வட்டத்தின் மேல் புள்ளியை நகர்த்திக்கொண்டே இருக்கலாம், கோணம் 90 பாகையை விட்டு அசையாது.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. கோண அளவுகளை ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கிக் காட்டும்போது முக்கோணத்தின் மூன்று கோணங்கள் 50.0, 60.0, 69.9 என்று தெரியலாம். கூட்டினால் 179.9. உள்ளே இருக்கும் எண்கள் 50.04, 60.04, 69.92, அவற்றின் கூட்டுத்தொகை 180-தான். கூர்மையான பிள்ளை இதைக் கண்டுபிடித்துக் கேட்கும். தசம இடங்களை அதிகமாக்கிக் காட்டினால் பதில் கிடைத்துவிடும். அளந்து பார்ப்பது நிரூபணம் ஆகாது என்று பேசவும் அதுவே நல்ல சந்தர்ப்பம்.

பிள்ளைகள் கொண்டாடும் வினாடி வினாக் கருவி கஹூட். நார்வேயில் பிறந்தது, 2013-இல் வெளியானது. இசை, வண்ணம், முன்னணிப் பட்டியல் எல்லாம் சேர்ந்து வகுப்பு கலகலக்கும். ஆனால் ஒவ்வொரு குழுவுக்காவது ஒரு திரை வேண்டும். வழக்கமான அமைப்பில் சரியான விடையை முதலில் அழுத்தியவருக்கே அதிகப் புள்ளி. யோசித்துக் கடைசி நொடியில் சரியாகச் சொன்னவருக்கு அதில் பாதியளவுதான் கிடைக்கும். பெருக்கல் வாய்ப்பாட்டைத் திருப்பிப் பார்க்க இது சரி. பல்பு எப்படி எரிகிறது என்று யோசிக்கவைக்கும் கேள்விக்கு இந்த அவசரம் கேடு. புள்ளி தராமல் கேள்வி கேட்கும் வசதி அதிலேயே இருக்கிறது, பயன்படுத்துவோர் அதைத் தேர்ந்தெடுக்கலாம். இதே வகைக் கருவியான, பெங்களூரில் 2015-இல் தொடங்கிய க்விஸிஸ், 2025-இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாறியது. மாணவர் அவரவர் வேகத்தில் போகலாம் என்பதோடு, பிளிக்கர்ஸ் போன்ற அட்டை முறையையும் அது சேர்த்துக்கொண்டது.

மத்திய அரசின் கல்வித் தளமாக 2017 செப்டம்பர் 5-இல் தொடங்கிய தீக்‌ஷாவையும், தமிழ்நாடு அரசு 2023 ஜூலையில் வெளியிட்ட மணற்கேணி செயலியையும் வேறு தட்டில் வைத்து நிறுக்க வேண்டும். பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் தீக்‌ஷாவில் அந்தப் பாடத்தின் காணொலி திறக்கிறது. மணற்கேணியில் நம் பாடத்திட்டத்தை ஒட்டிய அசைவூட்ட விளக்கங்கள் தமிழிலேயே இருக்கின்றன. நேற்று விடுப்பு எடுத்த பிள்ளைக்கும், வீட்டில் பெற்றோரின் கைப்பேசியில் திரும்பப் படிக்கும் பிள்ளைக்கும் இவை பெரிய துணை. பாடம் எடுப்பதற்கு முந்தைய இரவில் பயிற்சி ஆசிரியரே பார்த்துக்கொள்வதும் நல்லது. வகுப்பு நடுவில் முழுக் காணொலியையும் ஓடவிட்டால் ஆசிரியரும் சேர்ந்து பார்வையாளராகிவிடுவார். ஒரு நிமிடத் துண்டை மட்டும் எடுத்து, ஒலியை நிறுத்தி, ‘இங்கே என்ன நடக்கிறது, நீ சொல்’ என்று கேட்டால் அந்தக் காணொலியே வேறொரு கருவியாகிவிடும்.

கணக்குத் தொடங்கும்போது ஒரு கவனம் தேவை. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாள்வதற்குப் பெற்றோர் சம்மதம் பெற வேண்டும் என்கிறது. இருபது வாரம் இருந்துவிட்டுப் போகிற ஒருவர் நாற்பது பிள்ளைகளின் முழுப்பெயரையும் மின்னஞ்சலையும் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ஏற்றத் தேவையே இல்லை. ஃபெட்டுக்குப் பெயர் வேண்டாம். பிளிக்கர்ஸில் பெயருக்குப் பதில் அட்டை எண்ணையே கொடுக்கலாம். எந்த எண் யாருடையது என்பது ஆசிரியரின் நோட்டில் இருந்தால் போதும். அட்டைகள் எந்த ஆசிரியரின் கணக்கிலும் வேலை செய்யும். பயிற்சி முடியும் வாரத்தில் அந்த வகுப்பைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, அட்டைக் கட்டையும் பென்டிரைவில் உள்ள கோப்புகளையும் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து, ஒரு பாடவேளை உடனிருந்து அவருக்குப் பழக்கிவிட்டு வரலாம்.